அளவு ஜாக்கெட்

செப்டம்பர் 5, வெள்ளி

நிச்சயம் முடிந்தது. இனியாவது மூச்சு விடலாம் என்று பார்த்தால், விட விட்டால்தானே.

பந்தியில் ரசம் சரியாகப் போகிறதா என்று நானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் சின்னம்மா ஒருத்தி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள்: "பொண்ணு நெறந்தான், படிப்புந்தான். ஆனா முன்னாடி பலகையாட்டமல்ல இருக்குது." இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அவள் இலையில் ரசத்தைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டு வந்தேன். மடியில் பட்டுச் சேலை. நனையட்டும்.

என் பெண் சிந்துஜாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவங்கப்பா வீட்டு வாகு அது. அத்தைமார் மூன்று பேரும் தென்னமட்டைக்குச் சேலை சுற்றியது போலத்தான் இருப்பார்கள். என் பக்கம் வந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஐம்பத்தொரு வயதிலும் என்னைப் பார்த்து, சிந்துவுக்கு அக்காவா என்று கேட்கிறவர்கள் உண்டு.

இதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் வீடு வரை வந்து பலகாரம் தின்றுவிட்டுக் கழன்றுகொண்டதும் இதனால்தான். தரகர் என்னவோ என் வாயைப் பற்றி முணுமுணுத்தார். தரகருக்கு என்ன தெரியும்.

புறப்படும்போது சம்பந்தி லோகாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முகூர்த்தப் பட்டுக்கு ஜாக்கெட் எங்க பக்கந்தானுங்க தைக்கறது. ஆரி ஒர்க் போட நாளாகுது. அம்மிணியோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து உடுங்க."

கல்யாணம் கார்த்திகை பதினாலு.

செப்டம்பர் 6, சனி

காலையில் சிந்து ஷட்டில் விளையாடப் போன நேரம் பார்த்து அவள் பீரோவைத் திறந்தேன். இருந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைகள் மாதிரி இருந்தன. இதை எந்த முகத்தோடு சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவது? அந்தச் சின்னம்மாக்காரி அதைக் கையில் வாங்கி, உதறி, நாலு பேருக்குக் காட்டாமல் இருப்பாளா?

நேராக டெய்லர் ஜெசிந்தா கடைக்குப் போனேன். தோள் சிந்துவுக்கு, கை சிந்துவுக்கு, இடுப்பு சிந்துவுக்கு, மார்ச்சுற்று மட்டும் என் அளவு என்று சொல்லி ஒரு ஜாக்கெட் தைக்கச் சொன்னேன்.

ஜெசிந்தா டேப்பைக் கழுத்தில் போட்டபடி என்னையே பார்த்தாள். "இந்த அளவுல யாருக்குங்க்கா?"

"ஏன், இப்படி ஒருத்தி இருக்கக் கூடாதா?"

"இருக்கலாங்க்கா. நான் பாத்ததில்லீங்."

பார்க்காவிட்டால் பார். தைக்கிறது உன் வேலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜாக்கெட் வந்தது. புதிதாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மூன்று தடவை துவைத்து வெயிலில் போட்டேன். மஞ்சள் பையில் வைத்து, மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜாக்கெட் போய்விட்டது. இனி உடம்புதான் பாக்கி.

செப்டம்பர் 11, வியாழன்

உள்ளே பஞ்சு வைத்த பாடி போட்டு ஒப்பேற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மணமேடைக்கு அது போதும். தாலி ஏறின பிறகு? கதவைச் சாத்தின பிறகு? அங்கே பஞ்சா பேசும்? ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு சொல் வந்தால் நம் குடும்பம் என்ன ஆவது. பொய் சொன்னால் அதை உண்மையாக்கிவிட வேண்டும். அதுதான் யோக்கியம்.

போனில் ஒரு தடவை தேடினேன். அதோடு சரி, எதைத் திறந்தாலும் மார்தான். சிலிகான் பை வைப்பது, தொடைக் கொழுப்பை உறிஞ்சி ஏற்றுவது, சரிந்ததைத் தூக்கிக் கட்டுவது, பெருத்ததைக் குறைப்பது. சேலைக் கடையில் கூட இத்தனை ரகம் கிடையாது. 'உங்கள் உடலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒரு சிரித்த முகத்துக்காரி சொல்கிறாள்.

மத்தியானம் சிந்துவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு கொறையும் இல்லீங்கம்மா."

"உனக்கு இல்ல கண்ணு. பாக்கறவங்களுக்கு இருக்குதல்ல."

"அவரு ஒண்ணுமே சொல்லலீங்களே."

"ஆம்பள எப்படிச் சொல்லுவான்? ஆறு மாசம் கழிச்சு வேற பக்கம் பாப்பான். அப்பச் சொன்ன மாதிரிதான்."

"எனக்கு வேண்டாங்க." எழுந்து போய்விட்டாள். தட்டில் பாதிச் சோறு. சோற்றை மிச்சம் வைக்கிற பழக்கமும் அத்தைமார் வழிதான்.

செப்டம்பர் 13, சனி

நேற்றிலிருந்து நான் சாப்பிடவில்லை. பெற்ற வயிறு காய்ந்தால் பிள்ளைக்கு மனம் இளகும். சிந்து மூன்று தடவை தட்டோடு வந்து நின்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போனபோது இரண்டு இட்லி போட்டுக்கொண்டேன். மாத்திரை சாப்பிட வேண்டுமே.

செப்டம்பர் 14, ஞாயிறு

சம்மதித்துவிட்டாள். "உங்களுக்கு என்ன பண்ணோணுமோ பண்ணிக்குங்கம்மா, சாப்பிடுங்க" என்றாள். கண் வீங்கியிருந்தது. நான் பிள்ளைக்குக் கெடுதலா செய்வேன்?

வீட்டுக்காரரிடம் போனில், சிந்துவுக்கு மாரில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் நல்லது என்று சொல்லிவைத்தேன். ராய்ப்பூர் பக்கம் எங்கேயோ நம் லாரியோடு போய் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார், பின்னால் வண்டி இரைச்சல். "நீயே பாத்துக்க வசந்தாமணி" என்றார். இருபத்தெட்டு வருஷமாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோயம்புத்தூர் போனோம். டாக்டர் ரேணுகா. பெரிய பேர். மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

சிந்துவைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து டேப்பால் அளந்தார். காறையெலும்பிலிருந்து கீழே, நெஞ்சின் குறுக்கே, மாரின் அகலம். பிறகு இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு பார்க்கிறவள் மாதிரி. ஒவ்வொன்றையும் சிந்துவிடம் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"உங்களுக்கு எந்த அளவு மனசுல இருக்கு?" என்று சிந்துவைக் கேட்டார்.

"முப்பத்தாறுங்க" என்றேன்.

"நான் அவங்களக் கேட்டேன்."

"அவளுக்குக் கூச்சமுங்க டாக்டர். எங்களுக்கு முப்பத்தாறு வேணும்."

"அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. ஜாக்கெட் கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "எல்லாரும் உடம்புக்கு ஜாக்கெட் தைப்பாங்கம்மா. நீங்க ஜாக்கெட்டுக்கு உடம்பு தைக்கச் சொல்றீங்க."

படித்தவர்களுக்கு வாய் நீளம்.

பிறகு படம் போட்டுக் காட்டினார். சிந்துவுக்கு நெஞ்சு குறுகல், தோலும் சதையும் மெலிசு. சின்னதாக ஒன்று வைத்தால் உடம்பு தாங்கும். நான் கேட்கிற அளவு வைத்தால் ஓரம் வெளியே தெரியும், தோல் இழுபடும், புண் ஆறுவது கஷ்டம். கொழுப்பு ஏற்றலாம் என்றால் எடுப்பதற்கு இவள் உடம்பில் எங்கே கொழுப்பு? "ஒண்ணும் செய்யாம விடறதும் ஒரு நல்ல முடிவுதான்" என்றார். அதைக் கேட்கவா அத்தனை தூரம் வண்டி கட்டிப் போனோம்?

அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொன்னார். என்னை! பெற்றவளை! கதவுக்கு வெளியே மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மீன்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நான் இத செய்யறதா இல்லம்மா. உங்க பொண்ணுக்கு விருப்பமில்ல. பின்னாடி எப்பவாவது அவங்களுக்கே தோணினா தனியா வரட்டும்."

வரும் வழியெல்லாம் சிந்துவிடம் பேசவில்லை. உள்ளே அழுதிருக்கிறாள். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் அழுவதா? ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்: "என்னை அசிங்கப்படுத்தத்தான் கூட வந்தயா?"

பெருந்துறை தாண்டும்போது அவளே மன்னிப்புக் கேட்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சேலத்தில் ஒரு கிளினிக். கீழே நகைக்கடை, மேலே லிப்டில் மூன்றாவது மாடி. வரவேற்பிலேயே இளநீர் கொடுத்தார்கள். மனுஷரை மதிக்கத் தெரிந்த இடம்.

இந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், டை கட்டியிருந்தார். மேசை மேல் பைகளை வரிசையாக வைத்தார். உருண்டை, துளி வடிவம், வழுவழுப்பு, சொரசொரப்பு. கையில் எடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். சிந்து தொடவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். மாவு பதம் பார்த்துப் பழகிய கை, எது சரியென்று உடனே தெரிந்துவிட்டது.

"மேடம் நல்லா செலக்ட் பண்றீங்க" என்றார்.

"உடம்பு தாங்குமுங்களா? மெலிசுன்னு ஒருத்தர் சொன்னாங்க."

"பயமுறுத்தறவங்க பயமுறுத்துவாங்க மேடம். கல்யாணம் எப்போ?"

"கார்த்திகைங்க."

"அதுக்குள்ள பஞ்சு மாதிரி செட்டாயிரும்."

சிந்துவை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னபோது சிந்து பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போடு கண்ணு" என்றேன். போட்டாள். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளும்போதும் இப்படித்தான் பார்ப்பாள்.

செப்டம்பர் 24, புதன்

முடிந்தது. காலை போனவளைப் பதினொன்றரைக்கு வெளியே கொண்டு வந்தார்கள். மயக்கத்தில் "ஊட்டுக்குப் போலாங்கம்மா, ஊட்டுக்குப் போலாங்கம்மா" என்று அனத்திக்கொண்டிருந்தாள்.

போர்வைக்கு மேலேயே தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

வலி என்கிறாள். பிரசவ வலியைப் பார்க்காதவளுக்கு எல்லாமே வலிதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லாரி ஷெட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, டிரைவர்களுக்கு வேட்டி கொடுத்து எனக்கு இடுப்பு ஒடிந்தது. சிந்து கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் படுத்திருக்கிறாள். தலை நான்தான் வாரிவிட்டேன்.

ஷட்டில் மட்டையைப் பொட்டு வைக்கக் கேட்டாள். "இனி அது எதுக்கு, குலுங்கும்" என்று சொல்லிப் பரண் மேல் போட்டேன்.

மாலை அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி சேலை மாராப்பைப் போட்டுப் பார்த்தேன். மகாலட்சுமி மாதிரி இருந்தாள். கண்ணாடியைப் பாரென்றால் தரையைப் பார்க்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

இடது பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது. கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். டாக்டர் வெளிநாட்டில் மாநாட்டில் இருக்கிறாராம். அங்கிருக்கும் பெண், "சில பேருக்கு அப்படித்தான் மேடம் இருக்கும்" என்றாள். சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

அக்டோபர் 13, திங்கள்

சூடாக இருக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டேன். தையல் ஓரத்தில் ஏதோ கசிகிறது. கெட்டது வெளியே வந்தால் நல்லதுதானே. இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நர்ஸ்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீட்டுக்குச் சேதி போய்விடும்.

சிந்து, "அம்மா, கோயம்புத்தூர் டாக்டர்கிட்டப் போலாங்கம்மா" என்றாள். அந்தம்மாள் முகத்தில் மறுபடி முழிப்பதற்கு நான் விஷம் குடிக்கலாம். அவளிடம் அப்படியே சொன்னேன்.

அக்டோபர் 15, புதன்

நூற்று இரண்டு காய்ச்சல். ஜவுளி எடுக்கப் போக வேண்டியது, தள்ளிப்போட்டேன்.

அக்டோபர் 18, சனி

எழுதக் கை வரவில்லை. நேற்று விடிகாலை சிந்துவுக்கு நினைவு தப்பிவிட்டது. டிரைவரை எழுப்பிக் கோயம்புத்தூர் போனோம். பத்தை விலக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் ரேணுகா உடனே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். நான் ஆயிரம் சமாதானம் யோசித்து வைத்திருந்தேன், கேட்டால்தானே சொல்ல.

இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே அத்தனை சீழாம்.

பிறகு வெளியே வந்து சொன்னார்: "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பொண்ணு இருந்திருக்க மாட்டா. வலது பக்கமும் எடுத்துர்றது நல்லது. உடம்பு தேறட்டும், அவங்களக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம். ஆறு மாசத்துக்கு யாரும் இதுல கை வைக்கக் கூடாது."

"ஆறு மாசங்களா? கல்யாணம் கார்த்திகைலீங்க டாக்டர்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். தாயின் கவலை டாக்டருக்கு எங்கே புரியும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆஸ்பத்திரி கேன்டீன் லட்டு. ரப்பர்.

அக்டோபர் 26, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் கட்டு. சம்பந்தி வீட்டில் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை மதன் நாலு தடவை கூப்பிட்டார். சிந்துவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நானே பேசிச் சமாளித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் பஞ்சு வைத்தால் மணமேடைக்குப் போதும். அப்புறம் ஏதாவது நோன்பு என்று சொல்லிச் சித்திரை வரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 29, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

பதினொரு மணிக்கு லோகாம்பாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். ஒரு கையில் சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில் துணிப் பை. "காய்ச்சல்ல கெடக்கற புள்ளயப் பாக்கறதுக்குச் சொல்லிட்டா வரோணும்?" என்று நேராக அறைக்குள் போய்விட்டார். சிந்து போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். ஐப்பசி ஆனாலும் நல்ல புழுக்கம்.

கட்டிலில் உட்கார்ந்து துணிப் பையைப் பிரித்தார். முகூர்த்த ஜாக்கெட். அரக்கு நிறம், கை முழுக்க மயில் வேலைப்பாடு, முதுகில் முத்து. நானே அசந்துபோனேன். ஆனால் விரித்தபோது எனக்குக் கண் இருண்டது. சின்னதாக இருந்தது. சிந்துவின் பழைய ஜாக்கெட்டுகள் எந்த அளவோ அதே அளவு.

"சம்பந்தி, அளவு தப்பாத் தெச்சுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "தப்பில்லீங்க. நீங்க குடுத்து உட்டது புள்ளயோட ஜாக்கெட் இல்லீன்னு பையத் தொறந்ததுமே தெரிஞ்சு போச்சு. போட்டுப் பழகுன ஜாக்கெட்னா அக்குள்ல நெறம் போயிருக்குமல்லங்க? அவசரத்துல மாத்திக் குடுத்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. நிச்சயத்தன்னைக்கு அம்மிணியக் கட்டிப் புடிச்சனல்லங்க, அத வெச்சு ஒரு குத்துமதிப்பா அளவு சொல்லித் தெக்க வெச்சேன். போட்டுப் பாரு அம்மிணி. சரியா இருக்கும்."

நான் ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன். காய்ச்சல், வேர்வை, நாளைக்குப் போடட்டும் என்று. சிந்து என்னைப் பார்க்கவே இல்லை. போர்வையை விலக்கினாள். நைட்டியின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் அது.

"பத்தாதுங்கத்தை" என்றாள். "இப்ப இது எனக்குப் பத்தாதுங்க."

லோகாம்பாள் கையிலிருந்த ஜாக்கெட்டை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார். பிறகு சிந்துவுக்குப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சிந்து கத்தி அழுதாள். ஆஸ்பத்திரியில் கூட அவள் அப்படி அழவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பெண் அழுவதற்கு என் தோள் இல்லையா?

போகும்போது என் வீட்டுக் காப்பியைத் தொடவில்லை.

நவம்பர் 3, திங்கள்

லோகாம்பாள் போன் பண்ணினார். நிதானமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. மதன்கிட்ட எல்லாஞ் சொல்லியாச்சு. அவன் சிந்துதான் வேணுங்கறான். புண்ணு ஆறட்டும், மத்ததையும் எடுக்கோணும்னா நானே கூட்டிட்டுப் போறேன். கல்யாணம் தையில வெச்சாலும் சரி, வைகாசில வெச்சாலும் சரி."

எனக்குப் போன உயிர் வந்தது. "உங்க பெரிய மனசு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் முடிக்கலீங்க. புள்ள மட்டும் வரட்டும். கல்யாணத்தன்னைக்கு நீங்க பெத்தவங்களா வந்து நில்லுங்க, வேண்டாங்கலை. அதோட சரிங்க. அப்பறம் எங்கூட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு பேத்தி பொறந்தா, அவளத் தூக்கி உங்க கைல குடுக்க எனக்குத் தெம்பில்லீங்க. என்னமோ அளவு எடுக்கற மாதிரியே பாப்பீங்க."

சிந்து உள்ளே தூங்குகிறாள், வீட்டில் வேறு யாருமில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. என்னை. ஒற்றை ஆளாக நின்று வண்டி, தோட்டம், வீடு, பெண் எல்லாவற்றையும் கட்டிக் காத்தவளை. வாசப்படி மிதிக்கக் கூடாதாம்.

"என்ற பொண்ணு ஒண்ணும் கேப்பாரில்லாம கெடக்கல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சிந்துவின் போனை ஓய்வு எடுக்கட்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். மதன் நிறைய அனுப்பியிருக்கிறார். 'எனக்கு எதுவும் பிரச்சனையில்ல சிந்து. ஒரு தடவை பேசு. நீ சொன்னா இன்னைக்கே வர்றேன்.' படித்தேன். அழித்தேன். அந்த நம்பரிலிருந்து இனி எதுவும் வராதபடி செய்வது எப்படி என்று தெரியவில்லை. டிரைவர் செய்து கொடுத்தான்.

நவம்பர் 5, புதன்

சிந்துவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டாள்: "அத்தை ஏதாச்சும் பேசுனாங்களாம்மா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நான் ஒன்றும் கல் இல்லை. உன்னை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, என்னைத்தான் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவள் போய்விடுவாள். கட்டைக் கூடப் பிரிக்காமல் அந்த வீட்டுக்கு நடந்தே போய்விடுவாள். பெற்று வளர்த்தவள் இங்கே தனியாக உட்கார்ந்து லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிட்டாங்க கண்ணு" என்றேன்.

"ஏனுங்கம்மா?"

"நீதான் அன்னைக்குத் தொறந்து காட்டுனயே. அதப் பாத்ததுக்கப்பறம் யாரு சரிம்பாங்க?"

"அவருமாங்கம்மா?"

"அவனுந்தான்."

சிந்து வாயில் வைத்த கஞ்சியை விழுங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு விழுங்கினாள். கிண்ணத்தில் இருந்ததை முழுக்கக் குடித்தாள். இத்தனை நாளில் இன்றுதான் மிச்சம் வைக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இப்போதெல்லாம் எதிர்த்து ஒரு பேச்சு இல்லை. எழு என்றால் எழுகிறாள், படு என்றால் படுக்கிறாள். இன்று தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது அவளே சொன்னாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி:

"அம்மா, ஆறு மாசம் ஆனதும் மறுபடி வெச்சுக்கலாங்கம்மா. அன்னைக்கு மேசைல கடைசியா ஒண்ணு இருந்துச்சுங்களே, ரொம்பப் பெருசு. அதையே வெச்சுரலாங்க. அப்ப யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கல்லீங்க?"

இதற்குத்தானே இத்தனை பாடு பட்டேன். பெண்ணுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவள் உச்சியில் முத்தம் கொடுத்தேன். தலை ஜில்லென்று இருந்தது, எண்ணெய் வைத்ததால் இருக்கும்.

மாலை தரகரைக் கூப்பிட்டேன். நாமக்கல் பக்கம் ஒரு வரன் இருக்கிறதாம், பெண்ணின் போட்டோ கேட்டார். இருக்கிற போட்டோ பழசு, சித்திரையில் புதிதாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.